ட்ரிபுலஸ்: எந்த நெருஞ்சி?

உடல் வலுவுக்கு என்று விற்கும் மாத்திரை டப்பாக்களில் 'ட்ரிபுலஸ்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ புது மூலிகை போலத் தோன்றும். செருப்பில்லாமல் புல்தரையில் நடந்தவர்களின் உள்ளங்கால் நன்றாக அறிந்த நெருஞ்சிதான் அது.

கிரேக்கத்தில் 'ட்ரிபோலோஸ்' என்றால் மூன்று முனை உள்ளது. குதிரைகளைத் தடுக்கத் தரையில் இறைத்த போர் முள்ளுக்கும் அதே பெயர்தான். எப்படி வீசினாலும் ஒரு முனை மேலே பார்த்து நிற்கும். நெருஞ்சிக் காயும் முற்றியதும் ஐந்து துண்டாக உடைந்து, அதே வேலையைச் செய்கிறது. (சைக்கிள் டயரைக் கேட்டால் சொல்லும்.) லத்தீன் வழியாக வந்த இந்தச் சொல்லோடு, நிலத்தில் வளர்வது என்ற பொருளில் 'டெரஸ்ட்ரிஸ்' சேர்த்து 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயரிட்டார்.

தமிழில் நெருஞ்சி, நெருஞ்சில் இரண்டும் வழக்கு. மலையாளத்தின் ஞெரிஞ்ஞில் இதன் உடன்பிறப்பு.

சரி, ட்ரிபுலஸ் என்றால் நெருஞ்சி என்று எழுதிவிட்டால் போதுமா? போதாது. நெருஞ்சி என்ற பெயரில் மூன்று செடிகள் இருக்கின்றன; மூன்றும் வேறு வேறு குடும்பம். யானை நெருஞ்சி எள்ளுக்கு உறவு. சதைப்பற்றோடு நிமிர்ந்து வளரும், இலை அகலம், காய்க்கு நான்கு மூலையிலும் முள். அதன் தழையைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் தண்ணீர் கொழகொழவென்று ஆகிவிடும். வேறு அடையாளமே தேவையில்லை. செப்பு நெருஞ்சி அவுரியின் இனம். தரையில் பாயாகப் படரும், சின்னச் சிவப்புப் பூ, காயில் முள் கிடையாது. ட்ரிபுலஸ் என்பது மூன்றாவதான சிறுநெருஞ்சி மட்டுமே. அதுவும் தரையோடு படரும். ஆனால் ஐந்து இதழ் மஞ்சள் பூ, புளிய இலை போல இரு வரிசையில் குட்டி இலைகள். ஆகவே மொழிபெயர்க்கும்போது 'சிறு' என்பதை விட்டுவிடக் கூடாது.

குறுந்தொகையில் (202) அள்ளூர் நன்முல்லையார் இதை விடவில்லை. முன்பு இனிமை செய்து இப்போது நோகடிக்கும் காதலனுக்கு அவர் காட்டிய உவமை, புன்செய் நிலத்தில் கண்ணுக்கு இனிதாகப் பூத்து அப்புறம் முள்ளைத் தரும் 'சிறியிலை நெருஞ்சி'. சிறியிலை என்றதும் யானை நெருஞ்சி விலகிவிடுகிறது. முள் என்றதும் செப்பு நெருஞ்சியும்.