ஐந்து நிமிட வைராக்கியம்

"மனசு வச்சா ஒரே நாள்ல விட்டுடுவேன் சார்." புகைப்பழக்கத்துக்காக ஆலோசனைக்கு வரும் பலர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். கூட வந்த மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த 'ஒரே நாள்' எத்தனை முறை வந்து போனது என்று அவருக்குத் தெரியும்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் "மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பியவன்தான். எப்படி என்று சொன்னதில்லை.

இப்போதெல்லாம் முதலில் கேட்பது, விடவே முடியாத சிகரெட் எது என்று. ஓர் ஆட்டோ ஓட்டுநர் யோசிக்காமல் சொன்னார்: "காலையில முதல் டீயோட." சரி, அதை மட்டும் ஐந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள் என்றேன். தொண்டை வறளும், கை சட்டைப் பைக்குப் போகும். அந்தத் தவிப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். ஏறுவதையும் இறங்குவதையும் கவனித்தால் போதும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதை அலைமேல் சறுக்குவதற்கு ஒப்பிட்டார்.

மறுவாரம் வந்து, "மூணு நாள் ஜெயிச்சேன், நாலு நாள் தோத்துட்டேன்" என்றார். தோற்ற நாட்களில் எங்கே நின்றீர்கள் என்று விசாரித்தேன். கயிற்றில் லைட்டர் தொங்குமே, அந்தத் தூணுக்குப் பக்கத்திலாம்! கவனிக்கச் சொன்னது மனசை, லைட்டரை அல்ல. இடம் மாறி நிற்கச் சொன்னால், "அது பயந்து ஓடுற மாதிரி இல்லையா?" என்கிறார்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷல் குழந்தைகள் முன் மிட்டாய் வைத்துச் செய்த சோதனைகள் பிரபலம். காத்திருந்தால் இரட்டிப்பு. அதில் தாக்குப்பிடித்த குழந்தைகள் மிட்டாயை முறைத்துக்கொண்டு உட்காரவில்லை. கண்ணைப் பொத்தினார்கள், பாட்டுப் பாடினார்கள். வைராக்கியத்தில் பாதி இந்தச் சாமர்த்தியம்தான்.

21 நாளில் பழக்கம் படியும் என்ற வாட்ஸ்அப் கணக்கையும் நம்ப வேண்டாம். லண்டனில் 96 பேரிடம் செய்த ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் படிய ஆன காலம் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெடவில்லை.

ஒரு எச்சரிக்கை: தினமும் நிறைய மது குடிப்பவர்கள் மன உறுதியை நம்பித் திடீரென நிறுத்தக் கூடாது. வலிப்புகூட வரலாம், மருத்துவரிடம் போங்கள். புகையிலையை விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பிடித்த அந்த ஓட்டுநர் இப்போது இரண்டில் நிற்கிறார். காலை டீ தப்பித்துவிட்டது. ராத்திரி வண்டியை ஓரங்கட்டியதும் பற்றவைப்பது இன்னும் பாக்கி.