சார்ச்சுவில் ராத்தங்கல் வேண்டாம்: மணாலி–லே சாலையில் போகிறவர்களுக்கு

ஜூன் பிறந்தால் கிளினிக்கில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். "டாக்டர், லடாக் போறோம், மலைநோய் வராம இருக்க டயாமாக்ஸ் மாத்திரை எழுதித் தாங்க." நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ராத்திரி எங்கெங்க தங்கறீங்க?" பெரும்பாலும் ஒரே பதில். முதல் நாள் மணாலி, மறுநாள் நடுவழியிலுள்ள கூடார முகாமான சார்ச்சு, அதற்கடுத்த நாள் லே. எனக்கு உறுத்துவது அந்த இரண்டாவது ராத்திரி.

மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம். சார்ச்சு ஏறக்குறைய 4,300. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. முன்பெல்லாம் ரோஹ்தாங் கணவாயில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, போதும்டா சாமி என்று கேலாங்கிலேயே படுத்துவிடுவார்கள். அந்தத் தாமதம் உடம்புக்கு நல்லது செய்தது. 2020 அக்டோபரில் ரோஹ்தாங்குக்கு அடியில் 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை திறந்ததிலிருந்து, கேலாங்குக்கு அப்பாலுள்ள ஜிஸ்பாவை மதியத்துக்குள் தாண்டிவிடலாம். மாலையில் சார்ச்சு கூடாரம், ராத்திரி தலைவலி.

உயரத்திலும் காற்றில் ஆக்ஸிஜன் அதே 21 சதவீதம்தான். காற்றழுத்தம் குறைவதால், லேயில் இழுக்கும் மூச்சில் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கிறது. வழியில் 5,300 மீட்டரிலுள்ள தங்லாங் லா கணவாயில் பாதிக்குச் சற்று மேல். கணவாயில் இறங்கி, போட்டோ எடுத்து, கால் மணியில் கிளம்பிவிட்டால் அநேகம் பேருக்கு ஒன்றும் ஆகாது. தூங்கும்போதுதான் மூச்சின் வேகம் தளர்ந்து ரத்தத்தில் ஆக்ஸிஜன் இன்னும் இறங்குகிறது.

சார்ச்சுவுக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. ஆக்ஸிஜன் குறைவதால் வரும் மலைநோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. அங்கிருந்து இறங்க வழியே இல்லை! மணாலிப் பக்கம் திரும்பினால் 4,800 மீட்டருக்கு மேலுள்ள பாராலாச்சா லாவை ஏற வேண்டும். லே பக்கம் என்றால் கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள், அதற்கும் மேலே 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா. நடுராத்திரியில், மூச்சு முட்டும் ஆளை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவீர்கள்? லே பக்கம் அடுத்த தங்குமிடமான பாங் இன்னும் உயரம், அதுவும் இதே பொறிதான். ராணுவ முகாமின் மருத்துவ உதவி கிடைக்கும் என்பது மட்டும் ஆறுதல்.

தலைவலியோடு குமட்டல், அசதி, பசியின்மை இருந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது மலைநோய்தான். "வெயில் பட்டுது, மேகி ஒத்துக்கல" என்று சமாளிப்பவர்கள் பெரும்பாலும் இளவட்டங்கள். ஜிம் உடம்பு இதற்குக் காப்பு இல்லை. அன்றைக்கு மேலே ஏறவே கூடாது, மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். மூளை வீங்குகிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கோயிலில் அடிப்பிரதட்சிணம் செய்வதுபோல, ஒரு குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், பேச்சு குழறினால், விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஆக்ஸிஜன் கொடுத்தபடியே தாழ்வான இடத்துக்கு வண்டியைக் கிளப்புங்கள்.

கற்பூரத்தைத் துணியில் கட்டி முகர்வதால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறாது. கடையில் விற்கும் சின்ன ஆக்ஸிஜன் டப்பா சில நிமிடங்களுக்குத்தான் வரும். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் லேயில் 90க்குக் கீழே காட்டுவது பலருக்கும் சகஜம், விரல் குளிர்ந்திருந்தால் இன்னும் குளறும். எண்ணைப் பார்த்துப் பயப்படுவதைவிட ஆளைப் பாருங்கள்.

டயாமாக்ஸ் நல்ல மருந்துதான். வழக்கமாக 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்தே. விரல்நுனி மரத்துப்போகும், சிறுநீர் அடிக்கடி வரும், சோடா சப்பென்று இருக்கும். சல்ஃபா அலர்ஜி இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதைப் போட்டுக்கொண்டால் நேராகச் சார்ச்சுவில் படுக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால் ஸ்ரீநகர் வழியாக ஏறுங்கள். கார்கில் 2,700 மீட்டர்கூட இல்லை. அங்கே ஒரு ராத்திரி, பிறகு லேயில் இரண்டு நாள் சும்மா இருங்கள். உடம்பு பழகியபின் மணாலி வழியாக இறங்கலாம். மணாலியிலிருந்துதான் ஏறுவோம் என்றால் ஜிஸ்பாவில் இரண்டு ராத்திரி தங்கி, மூன்றாம் நாள் இருட்டோடு கிளம்பி, சார்ச்சுவையும் பாங்கையும் பகலிலேயே தாண்டி, லேக்குச் சற்று முன்னாலுள்ள உப்ஷியிலோ லேயிலோ போய்ப் படுங்கள். நீண்ட நாள்தான், ஆனால் படுக்கை 3,500 மீட்டரில்.

இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் போடுவதற்கு முன்பே வந்து பாருங்கள். இன்சுலினைப் பெட்டியில் போடாமல் சட்டை உள்பையில் வையுங்கள், உறைந்தால் வீண். நம்மூர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது. போஸ்ட்பெய்டுக்கும் வழியில் பெரும்பகுதி சிக்னல் இராது. மலைநோய் டிரைவருக்கும் வரும் என்பதால் வண்டி ஓட்டத் தெரிந்த இன்னொருவரும் கூட இருக்கட்டும்.