பீலி

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ஒருவர் "பீலிக்குப் போகிறேன்" என்றால், குளிக்கவோ துவைக்கவோ குடம் நிரப்பவோ போகிறார் என்று பொருள். மலைச்சரிவில் கசியும் ஊற்றைக் கட்டி, ஒரு குழாய் வழியாக விழவைத்த நீர்த்தாரையே பீலி. திறக்கவும் மூடவும் அதில் திருகு கிடையாது, இரவிலும் ஓடும்.

தமிழகத்து வாசகருக்குப் பீலி என்றதும் மயிலிறகுதான் நினைவுக்கு வரும். 'பீலிபெய் சாகாடும்' என்ற குறள் அப்படிப் பழக்கிவைத்திருக்கிறது. சிறு ஊதுகொம்புக்கும் அகராதியில் இதே பெயர் உண்டு. இறகின் தண்டு, கொம்பு, தண்ணீர்க் குழாய் மூன்றும் உள்ளே பொள்ளலானவை. பொருள் அந்த வழியாக நகர்ந்திருக்கும் என்பது என் கணிப்பு. சிங்களத்தில் இதே நீர்வாய் 'பீல்ல', பன்மையில் 'பீலி'. அதனாலேயே இதைத் தோட்டத்தில் ஒட்டிக்கொண்ட இரவல் சொல் என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. யாழ்ப்பாணத்தில் கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் தகரத்துக்கும் பீலி என்றே பெயர். இரு மொழிக்கும் பொதுச்சொல் என்று கொள்வதே முறை.

கிணறு வெட்டாமல் ஏன் பீலி? மலைநாட்டின் அடித்தளம் மிகப் பழைய உருமாறிய பாறை. அதன்மேல் சிதைந்து மண்ணாகிய ஒரு படை. மழைநீர் அந்த மண்ணுக்குள் இறங்கி, கெட்டிப் பாறையைத் தொட்டதும் சரிவோடு நகர்ந்து, சரிவு வெட்டுப்பட்ட இடத்தில் வெளியே கசிகிறது. அங்கே சேற்றை அள்ளிவிட்டுக் கருங்கல் அடுக்கி, பின்புறம் சரளை நிரப்பி, குழாயைச் செருகுவார்கள். முன்பு மூங்கில், அல்லது பிளந்து குடைந்த கமுகு, இப்போது பிவிசி. கீழே துவைகல், ஓரத்தில் கழிவுநீர் போக ஒரு கான். ஊற்றுக்கு மேற்புறத்தில் கழிப்பறைக் குழி இருக்கக்கூடாது என்பது அடிப்படை விதி. லயங்கள், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகள், நெருங்கிக் கிடக்கும் இடத்தில் அதைக் காப்பது எளிதில்லை.

கிணறும் இங்கு உண்டு. பள்ளத்தாக்கின் அடியில், மரக்கறித் தோட்டங்களின் அருகே, கொங்கிரீட் வளையங்களை இறக்கிக் கட்டுகிறார்கள்; பழைய தமிழில் இது உறைகிணறு. வளையத்துக்குள் மண்ணைத் தோண்டத் தோண்ட அது தன் பாரத்தாலேயே இறங்கும், பாறை தட்டியதும் நின்றுவிடும். அதற்கும் கீழே, பாறை வெடிப்பில் உள்ள நீரை எடுக்கக் குழாய்க் கிணறு வேண்டும். தமிழகத்தில் இது ஆழ்துளைக் கிணறு.

இந்த வெடிப்புகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. உமா ஓயா ஆற்றின் நீரைத் திருப்பும் திட்டத்தின் சுரங்கத்துக்குள் 2014 இறுதியில் நீர் பீறிட்ட பின், பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின.

பீலிக்கு நிகரான தமிழ்ச்சொல் கேட்போருக்குத் 'தூம்பு' என்று சொல்லலாம். உட்டுளை உடைய குழாயையும் நீர் வெளியேறும் மதகையும் அது குறிக்கும். சுனை பொருந்தாது, அது பாறையில் தானே தேங்குவது. கூவலும் பொருந்தாது. ஐங்குறுநூற்றின் குறிஞ்சித் தலைவி தேன் கலந்த பாலினும் இனியது என்று சொன்னது, தழை மூடிய கூவலில் மான் குடித்து மிஞ்சிய கலங்கல் நீரை. கூவல் கீழிறங்கி மொள்ளும் குழி, பீலி கைக்கெட்டும் உயரத்தில் விழுவது. என்னைக் கேட்டால் பீலியை மாற்றவே தேவையில்லை.

அடைமழைக் காலத்தில் தெளிந்து ஓடிய பீலி திடீரெனச் செந்நிறமாகக் கலங்கினாலோ, நின்றுபோனாலோ, சரிவில் புதிய ஊற்று கிளம்பினாலோ, அது மண்சரிவின் முன்னறிகுறி. உடனே அவ்விடத்தை விட்டு விலகவேண்டும்.