பழைய பீட்டிலின் ஹீட்டர்: வெளித்தகரத்தை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள்

எஞ்சினைத் தண்ணீர் குளிர்விக்கும் காரில் ஹீட்டர் சுலபமான வேலை. சுடுதண்ணீரில் கொஞ்சத்தை உள்பக்கம் திருப்பிவிட்டு அதன்மேல் காற்றை ஊதினால் போதும். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் தண்ணீரே கிடையாது, அதனால் எக்ஸாஸ்ட் குழாயின் சூட்டையே எடுத்துக்கொண்டார்கள். எஞ்சினின் இரண்டு பக்கமும் முன் சிலிண்டரிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாயைச் சுற்றி ஒரு தகரக்கூடு இருக்கும், ஃபேன் தள்ளும் காற்று அதற்குள் புகுந்து குழாயை உரசிச் சூடாகி, கதவுக்குக் கீழே ஓடும் பொந்துகள் வழியாக உங்கள் காலுக்கும் கண்ணாடிக்கும் வந்து சேரும். இதுதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். ஃபேன் எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றுவதால், வண்டி மெதுவாகப் போனால் சூடும் மந்தமாகத்தான் வரும், அது கோளாறு இல்லை.

உங்களிடம் இருப்பது எந்த வகை? ஃபேன் கூட்டைப் பாருங்கள். இரண்டு பக்கமும் தடித்த ஹோஸ் கீழே இறங்கினால், 1963 மாடலிலிருந்து வந்த புதுக்காற்று முறை. அதற்கு முந்தைய வண்டிகளில் சிலிண்டர்களைக் குளிர்வித்த அதே காற்றுதான் உள்ளே வரும், எஞ்சினில் எண்ணெய் கசிந்தால் அந்த வாடையும் கூடவே வரும். சில வண்டிகளில் யாரோ எக்ஸ்சேஞ்சரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டியிருப்பார்கள். அப்படியானால் ஃபேன் கூட்டில் அந்த ஹோஸ்கள் மாட்டும் இரண்டு துளைகளும் அடைபட்டிருக்கிறதா என்று உடனே பாருங்கள், திறந்து கிடந்தால் சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று வீணாகிறது.

சரி, மாற்றுவதென்றால் எதை வாங்குவது? பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். நல்ல எக்ஸ்சேஞ்சரில் குழாயைச் சுற்றி அலுமினியத் துடுப்புகள், அதாவது மெல்லிய தகடுகள், நெருக்கமாக வார்க்கப்பட்டிருக்கும், சூட்டைக் காற்றுக்குக் கொடுப்பது அந்தப் பரப்புதான். மலிவானவற்றில் பல நேரம் கூட்டுக்குள்ளே வெறும் குழாய்தான். கையில் தூக்கினாலே எடை சொல்லிவிடும், டார்ச் அடித்தும் பார்க்கலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவுக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் சாதாரண இரும்பு கடத்தும் சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் கடத்தும். எனவே துடுப்பில்லாத ஸ்டெயின்லெஸ்ஸை விட, துடுப்புள்ள பழைய ஒரிஜினல், ஓட்டையில்லாமல் கிடைத்தால், என்னைப் பொறுத்தவரை மேலானது.

ஓட்டையில்லாமல் என்பதுதான் முக்கியம். பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய அதே அளவு தண்ணீரும் உண்டாகிறது, லிட்டருக்கு ஒரு லிட்டர். குட்டிக் குட்டிப் பயணங்களில் குழாய் முழுதாகச் சூடாவதற்குள் வண்டி நின்றுவிடும், அந்த ஈரம் உள்ளேயே தங்கிக் குழாயை அரிக்கும். உங்கள் மூச்சுக்காற்றுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் நடுவே இருப்பது அந்த ஒற்றைக் குழாய்ச் சுவர்தான், அந்த வாயுவுக்கு நிறமோ வாடையோ கிடையாது. வெளிக்கூடு துருப்பிடித்திருந்தால் சூடு மட்டும்தான் வீணாகும், உள்குழாய் ஓட்டையானால் உயிர் போகும். ஆகவே கழற்றிய எக்ஸ்சேஞ்சரின் குழாயை ஒரு முனையில் அடைத்து, மறுமுனையில் புகையை ஊதிப் பாருங்கள். கூட்டுக்குள்ளிருந்து துளி புகை வந்தாலும் அதை வெல்டிங் வைத்து ஒப்பேற்றாதீர்கள், தூக்கிப் போடுங்கள். அப்புறம் மாட்டும்போது சிலிண்டர் வாயில் புது கேஸ்கெட், காருக்குள் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம், இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் காலுக்குச் சூடு வரவில்லையென்றால் கதவுக்குக் கீழே உள்ள பொந்தைத் தட்டிப் பாருங்கள், துருவில் அங்கே ஓட்டை விழுந்து சூடெல்லாம் ரோட்டுக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.