கெட்டிமேளத்துக்குள் மறையும் ஓசை

கானாடுகாத்தானில் எங்கள் ஐயா வீட்டின் இரண்டாம் கட்டில் ஒரு மர அலமாரி நிறையக் குறுந்தகடுகள் இருக்கின்றன. தேவாரம், திருப்புகழ், நாகசுவரக் கச்சேரிகள், பழைய திரைப்பாடல்கள் என்று ஏறத்தாழ 300 தகடுகள். அவற்றைப் பாட வைக்கும் கருவிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகி, புதிதாக வாங்கும் மடிக்கணினிகளிலும் தகடு செருகும் இடமே இல்லாமற் போய்விட்டதால், எல்லாவற்றையும் கணினிக் கோப்புகளாக மாற்றும் வேலையைச் சென்ற தை மாதம் கையில் எடுத்தேன்.

முதல் தகட்டை வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், விழும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, வெள்ளிப் பூச்சின் ஊடே ஊசிமுனை அளவில் நான்கைந்து ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. தகட்டின் பெரும்பகுதி 1.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள பாலிகார்பனேட் நெகிழிதான். ஒளியைத் திருப்பி அனுப்பும் மெல்லிய அலுமினியப் படலம் அதன் மேற்புறத்தில், பெயர் அச்சிட்ட பக்கத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அதற்குக் காவல் ஒரு மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே. ஆகவே பளபளக்கும் பக்கத்துக் கீறலைக் காட்டிலும் எழுத்துள்ள பக்கத்துக் கீறலே ஆபத்தானது. அதன் வழியே காற்றும் ஈரமும் புகுந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டுவிடும். உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைக் காரைக்குடியில் வைத்திருக்கும் நமக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

அந்தப் படலத்தில் உள்ளிருந்து வெளி நோக்கி ஒரே சுருளாகச் செல்லும் நுண்குழிகளில் இசை எண்களாக எழுதப்பட்டுள்ளது. மனிதக் காது கேட்கும் அதிர்வெண்ணின் உச்சம் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையைப் பிழையின்றித் திரும்ப வரைய அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளந்தாக வேண்டும். அதனால் வலது, இடது தடங்கள் ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் (பிட் என்பது 0 அல்லது 1 என்னும் ஓர் இலக்கம்) எண்ணாகக் குறிக்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு 14,11,200 பிட்; ஒரு மணி நேரக் கச்சேரிக்கு 635 மெகாபைட்.

இத்தனை எண்களில் சில அழிந்தாலும் பாட்டு கெடாமல் இருப்பதற்குக் காரணம், ரீட், சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் 1960இல் வெளியிட்ட பிழைதிருத்த முறை. நம் பக்கத்துப் பழைய பேரேடுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு பத்தியில் ஒரு தொகை மட்டும் கறையான் அரித்துப் போயிருந்தால், அடியில் உள்ள கூட்டுத்தொகையிலிருந்து மற்றவற்றைக் கழித்து அதை மீட்டுவிடலாம். இரண்டு தொகைகள் போய்விட்டால் முடியாது. எனவே தகட்டில் கூட்டுத்தொகை போன்ற மிகை எண்களைச் சேர்ப்பதோடு, அடுத்தடுத்த எண்களைப் பிரித்துத் தொலைவில் கலைத்து எழுதிவிடுகிறார்கள். ஒரே இடத்தில் விழுந்த கீறல் பல பத்திகளில் ஒவ்வோர் எண்ணை மட்டும் அழிக்கிறது, ஒவ்வொன்றும் மீட்கப்படுகிறது. இப்படிச் சுருளின் வழியே ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளச் சேதம்வரை முழுமையாகச் சரிசெய்யலாம். தகட்டை வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்கச் சொல்வதும் இதனால்தான். சுருளின் போக்கிலேயே விழும் கீறல் இந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடும்.

எல்லை தாண்டிய இடத்தில் பாட்டுக் கருவி முன்பின் எண்களைக் கொண்டு நடு எண்ணை ஊகித்துப் போட்டுக்கொண்டு மேலே செல்கிறது. கேட்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆனால் காலத்துக்கும் வைத்திருக்கப் போகும் கோப்பில் ஊகம் புகக்கூடாது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள்கள் ஐயமுள்ள இடத்தைப் பலமுறை திரும்பப் படித்து, ஒரே விடை வருகிறதா என்று பார்க்கின்றன. அதே தகட்டைப் படித்த பிறரின் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடவும் செய்கின்றன. நல்ல தகடு பத்து நிமிடத்தில் முடியும். கீறல் விழுந்தது ஒரு மணி நேரம் எடுத்தாலும் பொறுத்திருப்பதே முறை.

அடுத்தது சுருக்கும் வேலை. நகரத்தார் திருமணத்தில் திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் கெட்டிமேளம் முழங்குவது, தும்மலோ வேண்டாத சொல்லோ அந்த நொடியில் எவர் காதிலும் விழக்கூடாது என்பதற்காக என்பார்கள். தும்மல் ஒலி காற்றில் இருக்கத்தான் செய்கிறது, காதுக்குத்தான் எட்டுவதில்லை. ஓங்கிய ஓசை தன்னை அடுத்த அதிர்வெண்ணில் உள்ள மெல்லிய ஓசையை மறைத்துவிடும் என்னும் இந்த உண்மையின் மேல்தான் எம்பி3 என்ற சுருக்க வடிவம் கட்டப்பட்டிருக்கிறது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்கும் உடன் உழைத்தவர்களும் இதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்கு ஆற்றினார்கள்.

கேட்காத ஒலிகளை எம்பி3 வெட்டி எறிந்துவிடுகிறது என்று பலரும் சொல்கிறார்கள். நடப்பது அதைவிட நுட்பமானது. மென்பொருள் இசையைச் சிறு சிறு துண்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றையும் 576 அதிர்வெண் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றின் அளவையும் முழுமையாக்கி எழுதுகிறது. 1,247 ரூபாய் 35 காசு என்பதை 1,250 என்று எழுதினால் இடம் மிச்சமாகும், ஆனால் சிறு பிழை சேரும்; ஒலியில் அந்தப் பிழை இரைச்சலாக வெளிப்படும். எந்தக் கூற்றில் எவ்வளவு இரைச்சல் சேர்ந்தாலும் பக்கத்து ஓங்கிய ஓசை மறைத்துவிடும் என்று கணித்து, அந்த அளவுக்குத் தாராளமாக முழுமையாக்குவதே கலை. வினாடிக்கு 128 கிலோபிட் வீதத்தில் கோப்பு மூலத்தில் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்குவது இப்படித்தான்.

இந்தக் கணிப்பு தடுமாறும் இடத்தை நம் இசையிலேயே கேட்கலாம். முழுமையாக்கிய பிழை அந்தத் துண்டு முழுவதும் பரவும். விரலில் கூடு மாட்டிய தவில்காரர் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) அடிக்கும் ஒரு சொல், அதாவது ஒரு தாள ஒலி, துண்டின் நடுவே விழுந்தால், அதன் இரைச்சல் அடிக்கு முன்பிருந்த அமைதியிலும் படியும். ஓங்கிய அடி தனக்குப் பின்வருவதை நூறு மில்லிவினாடிக்கு மேலும் மறைக்க வல்லது. முன்வருவதைச் சில மில்லிவினாடிக்கு மட்டுமே மறைக்கும். அதனால் அடிக்கு முன் ஒரு மெல்லிய சரசரப்பு எழுந்து, சொல்லின் கூர்மை மழுங்குகிறது. இதைத் தவிர்க்க மென்பொருள் அத்தகைய இடங்களில் துண்டுகளை இன்னும் சிறிதாக்கிக்கொள்கிறது. ஆயினும் பிட் வீதம் குறைவாக இருந்தால் தனி ஆவர்த்தனம் முழுக்கச் சேறு படிந்தது போல் கேட்கும்.

எனவே எதையும் இழக்காத ஃபிளாக் வடிவில்தான் முதற்படி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முந்தைய எண்களிலிருந்து அடுத்த எண்ணைக் கணித்து, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதும் முறை அது. வேறுபாடு சிறிய எண் என்பதால் பெரும்பாலும் கோப்பு பாதி அல்லது சற்றுக் கூடுதலான அளவுக்குக் குறைகிறது, விரித்தால் ஒரு பிட்டும் மாறாமல் மூலம் திரும்புகிறது. கைப்பேசிக்கும் காருக்கும் வேண்டிய எம்பி3யை அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எங்கள் உறவினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் கொடுத்து எல்லாவற்றையும் 64 கிலோபிட்டில் மாற்றி வாங்கிக்கொண்டு, தகடுகளைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டார். அந்தக் கோப்புகளை இனி எந்த உயர்ந்த வடிவத்துக்கு மாற்றினாலும் முழுமையாக்கலின் மேல் முழுமையாக்கல்தான் சேரும்.

பெரும்பாலான தகடுகளில் பாட்டின் பெயர்கூடப் பதிவாகியிருக்காது. இணையப் பட்டியல் தரும் பெயர்களில் பிழை மலிந்திருப்பதால், ராகத்தையும் பாடியவரையும் நாமே தமிழில் எழுதுவது நல்லது.

கடைசியாக எடுத்தது, எங்கள் வீட்டுத் திருமணத்தில் வாசித்த நாகசுவரத்தை 2004இல் பதிந்து வைத்த, வீட்டில் எழுதும் வகைத் தகடு. அவ்வகையில் குழிகளுக்குப் பதிலாகச் சாயப் படலம் உண்டு. வெளிச்சம் பட்டால் அது வெளுக்கும். சுருள் உள்ளிருந்து வெளியே செல்வதால் மங்களம் விளிம்பில் இருந்தது, விரல்கள் அதிகம் பட்ட இடத்தில். வேகத்தைக் குறைத்து இரண்டு மணி நேரம் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தேன். மூன்று வினாடி தவிர எல்லாம் வந்தது. அந்த மூன்று வினாடி எங்கே இருக்கிறது என்று மென்பொருள் எழுதிக் கொடுத்த குறிப்பையும் அந்தக் கோப்போடு சேர்த்து வைத்திருக்கிறேன்.