மலைப்பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போகும் முன்

கொடைக்கானல் மேல்மலையில் புவியியல் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பள்ளிச் சுற்றுலா வேளாங்கண்ணிக்கோ கன்னியாகுமரிக்கோதான் போகும். பூம்பாறை, மன்னவனூர்ப் பிள்ளைகளில் பலர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடலைப் பார்ப்பார்கள். ஒருமுறை அலை வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகப் பின்வாங்கியது. "சார், கடல் உள்ள போகுது, ஓடி வாங்க!" என்று கத்திக்கொண்டு மொத்த வகுப்பும் கடலைப் பார்த்து ஓடியது. சாதாரண அலைதான். ஆனாலும் எனக்கு உடம்பு பதறிவிட்டது. முந்தின வாரம்தான் அவர்களுக்குச் சுனாமிப் பாடம் நடத்தியிருந்தேன்.

கொடைக்கானல் ஏரியில் கல்லெறிந்தால் எழும் அலைதான் பிள்ளைகளுக்குத் தெரிந்த அலை. அது மேல்தண்ணீரின் அசைவு. சுனாமியில் அடியிலிருந்து மேல்மட்டம் வரை தண்ணீர் மொத்தமும் நகர்கிறது. 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு சுமத்ரா அருகே கடலடியில் தொடங்கிய பிளவு சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு ஓடியது. கன்னியாகுமரியிலிருந்து மும்பைக்கு நேர்கோடு போட்டால் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் வரும். கடல்தரை மேலெழும்ப, அதன்மேல் நின்ற தண்ணீரும் எழும்பியது. ஆழ்கடலில் அந்த அலை ஒரு மீட்டர்கூட இல்லை. வேகம் மட்டும் மணிக்குச் சுமார் 700 கி.மீ. கரையருகே ஆழம் குறையக் குறைய வேகமும் குறைந்து, பின்னால் வரும் தண்ணீர் முன்னால் போவதன்மேல் ஏறிக் குவிந்தது.

நம் கரைக்கு வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது. சொல்லத்தான் அன்று ஏற்பாடு இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு. வேளாங்கண்ணியில் மாண்டவர்களில் பலர் வெளியூரிலிருந்து வந்த யாத்திரிகர்கள். நம்மைப் போல.

என் பாடத்திலும் ஒரு குறை இருந்தது. "கடல் உள்வாங்கினால் ஓடு" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். தாய்லாந்துப் பக்கம்தான் கடல் முதலில் உள்வாங்கியது. நம் பக்கம் முதலில் தண்ணீர் ஏறியது, அதன்பிறகே வடிந்தது. வடிந்துவிட்டதே என்று பார்க்கப் போகக் கூடாது. அடுத்தடுத்த அலைகள் மணிக்கணக்கில் வரும். முதல் அலையே பெரியது என்று விதி இல்லை. நில அதிர்வை உணர்ந்தபிறகு ஓடலாம் என்றும் இருக்க முடியாது. சுமத்ரா அதிர்வு நம் கரையில் பலருக்குத் தெரியவே இல்லை.

2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆழ்கடல் தரையில் வைத்த அழுத்தமானிகள் தண்ணீர் மட்டம் மாறுவதைச் சொல்லிவிடும். எச்சரிக்கை வந்தால் அறைக்குப் போய்ப் பை எடுக்க நினைக்காமல் கடலைவிட்டு உள்ளே நடக்க வேண்டும். ஆற்று முகத்துவாரப் பக்கம் போகக் கூடாது, தண்ணீர் அதன்வழியே ஊருக்குள் ஏறும். நேரமில்லையென்றால் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மேல்மாடி.

இப்போதெல்லாம் விடுதியில் இறங்கியதும் முதல் வருகைப்பதிவை மொட்டைமாடியில்தான் எடுக்கிறேன். மாடிக் கதவு பூட்டியிருந்தால் சாவி வாங்கித் திறந்தபிறகுதான் பிள்ளைகளுக்குக் கடற்கரை.