படம் எடுக்க எல்லக்கு ஏன் ஓடுறியள்?

லீவு எண்டா காணும், எங்கட பெடியள் கமெராவைத் தூக்கிக்கொண்டு மலைநாட்டுப் பக்கம், நுவரெலியா, எல்ல எண்டு வெளிக்கிட்டிடுவினம். வரேக்க எல்லாரிட்டயும் எல்லயில இருக்கிற அதே ஒன்பது வளைவு ரயில் பாலம், அதே கோணம். நான் கலியாணவீடு சாமத்தியவீடு எடுத்துப் பிழைக்கிற ஆள், மிச்ச நேரத்தில எங்கட குளம் வயலுக்குள்ளதான் திரியிறது, அதில கண்டதைச் சொல்லுறன்.

எங்கட வன்னி தட்டை நிலம், உயரம் வேணுமெண்டா குளக்கட்டுத்தான். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தை எடுங்கோ. கனகராயன் ஆறு தெற்கால வந்து விழுறபடியா கட்டு வடக்கில, தண்ணி தெற்கில, அப்ப கட்டில நிண்டு தண்ணியைப் பாத்தா நீங்கள் தெற்கு பாத்துத்தான் நிக்கிறியள். மார்கழியில சூரியன் தென்கிழக்கால எழும்பும், வெளிச்சம் முன்னால இடப்பக்கத்தால வரும், கொக்கு, பட்டமரம் எல்லாம் கறுப்பாத்தான் விழும். ஆனியில வடகிழக்கால எழும்பும், வெளிச்சம் முதுகுப்பக்கம், தூரத்துக் காடு பச்சையாவே தெரியும், தண்ணியும் வத்தியிருந்தா அலைகரைப் புல்லில பட்டி மாடு மேயும். ஒரே இடம், ரெண்டு படம். ஆனா எங்கட பக்கம் சூரியன் விறுவிறெண்டு ஏறீடும், அந்த மஞ்சள் வெளிச்சம் அரை மணித்தியாலம் நிண்டாப் பெரிசு, அதால விடிய முந்தியே போய் நில்லுங்கோ.

வயல் எடுக்கிறவையும் கவனிக்கோணும். காலபோகத்துக்கு, அதான் மாரிமழை நெல்லுக்கு, இங்க கனபேர் காஞ்ச புழுதியிலதான் விதைக்கிறது, கண்ணாடி மாதிரித் தண்ணி நிக்கிற வயல் வேணுமெண்டா சிறுபோகத்துக்கு, அதான் குளத்துத் தண்ணியில செய்யிற கோடை நெல்லுக்கு, உழுது பலகையால மட்டம் அடிக்கிற நேரம் போங்கோ. போனில எடுக்கிறவை அகலமா எடுக்கிற அந்த 0.5 லென்ஸை விடுங்கோ, எங்கட தட்டை நிலத்தில அது எல்லாத்தையும் ஒரு கோடாக்கிப்போடும். 2x போட்டா பனைகள் ஒண்டோட ஒண்டு நெருங்கி வரும்.

இப்ப முக்கியமான கதைக்கு வாறன். காட்டுக்கரையில வடிவான பாலை மரம் ஒண்டு நிக்கும், கிட்டப் போவம் எண்டு கால் உன்னும். போகாதேங்கோ, சண்டைக் காலத்து மிதிவெடி கிடக்கலாம். மாடும் சனமும் நடக்கிற பாதையில நிண்டு ஸூம் பண்ணுங்கோ. 2017 இல இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில சேர்ந்தது, துப்புரவாக்கி முடிக்க 2028 ஜூன் வரை தவணை, அப்பிடியெண்டா வேலை இன்னும் கிடக்கு. மண்டையோட்டுச் சிவப்புப் போர்டு இல்லாட்டி ஒண்டுமில்லை எண்டு நினைக்கிறது பிழை, மழைவெள்ளம் மண்ணையும் அள்ளும், அதுக்குள்ள கிடக்கிறதையும் அள்ளும். ஏதும் கண்டா தொடாதேங்கோ, கிட்டப்போய் குளோசப்பும் எடுக்காதேங்கோ, வந்த காலடியிலயே திரும்பி வந்து பொலிசுக்கு, 119 க்கு அடியுங்கோ.

முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தில பொழுதுபடேக்க வெளிச்சம் நல்லாத்தான் இருக்கும். ஆனா 2009 இல கடைசிச் சண்டையில சனம் என்ன நிலையில அதால வந்தது எண்டு தெரிஞ்சவன் நான், அதில வெடிங் ஷூட் கேட்டா எடுக்கமாட்டன், காசு எவ்வளவு தந்தாலும்.

வயலுக்க ஆள் நிண்டா முதல் கதையுங்கோ. "அண்ணை, ஒரு படம் எடுக்கட்டோ?" எண்டு கேட்டா கனபேர் ஓமெண்டுதான் சொல்லுவினம், எந்த வயல் நாளைக்கு வெட்டுப்படும், எந்தக் குளம் நிரம்பி வான் பாயுது எண்ட புதினமும் அவையிட்டத்தான் இருக்கு. எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில மறக்காம அனுப்பிவிடுங்கோ.